பள்ளிப் பிள்ளைகள் மூலம் வீட்டு உப்பைக் குறைக்கும் ஆய்வு: எதை அளப்பது, எப்படி அளப்பது?

கேள்வி: பொதுசுகாதாரம்_இரண்டாமாண்டு

வணக்கம். முதுநிலைப் படிப்புக்கான ஆய்வு. ஊராட்சி ஒன்றியத்தில் இரண்டு அரசு நடுநிலைப் பள்ளிகள். ஒன்றில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உப்பு பற்றி மூன்று மாதம் பாடம் நடத்துவது, மற்றதில் வழக்கமான பாடம் மட்டும். பள்ளிக்கு 30 குடும்பம், மொத்தம் 60. பாடத்துக்கு முன்னும் பின்னும் பெற்றோருக்கு பி.பி. பார்த்து, குறைந்ததா என்று ஒப்பிடுவது. இதுதான் திட்டம்.

சந்தேகங்கள் நான்கு. 60 குடும்பம் போதுமா? வீட்டில் எவ்வளவு உப்பு சாப்பிடுகிறார்கள் என்பதைக் குறைந்த செலவில் எப்படி அளப்பது? தின்ற உப்பு பெரும்பாலும் சிறுநீரில்தான் வரும் என்றாலும், 24 மணி நேரச் சிறுநீர் எல்லோருக்கும் எடுக்கப் பணம் இல்லை. பாடத்தில் என்ன சொன்னால் சமையலறையில் உண்மையிலேயே மாற்றம் வரும்? கடைசியாக, குறைந்த சோடியம் உப்புப் (ஒரு பங்கு பொட்டாசியம் கலந்தது) பாக்கெட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பலாமா?

---

பதில் 1: கொத்துக்கணக்கு

முதலில் பி.பி.யை முதன்மை விளைவாக (ஆய்வின் முடிவைத் தீர்மானிக்கும் அளவாக) வைக்கும் எண்ணத்தை விடுங்கள். காரணம் கணக்கில் இருக்கிறது.

இந்த யோசனைக்கு முன்னோடி சீனாவின் ஷான்சி மாகாணம் சாங்ஜி நகரில் நடந்த ஆய்வு. முடிவு 2015-ல் வெளியானது. 28 தொடக்கப்பள்ளிகள், பத்து வயதையொட்டிய 279 பிள்ளைகள், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் 553 பேர். மூன்றரை மாதப் பாடம். 24 மணி நேரச் சிறுநீரில் அளந்தபோது பெரியவர்களின் உப்பு கண்ட்ரோல் பக்கத்தை (பாடம் நடத்தாத பள்ளிகளை) விட நாளுக்கு 2.9 கிராம் குறைந்திருந்தது, பிள்ளைகளுடையது 1.9 கிராம். அவ்வளவு பெரிய உப்புக் குறைவுக்கும் பெரியவர்களின் மேல் அழுத்தம் (பி.பி.யின் முதல் எண்) இறங்கியது 2.3 புள்ளிதான். ஊர் முழுக்க 2 புள்ளி இறங்கினால் பக்கவாதக் கணக்கில் அது பெரிய லாபம். ஆனால் 60 வீட்டில் அதைக் கண்ணால் பார்க்க முடியாது.

பெரியவர்களின் மேல் அழுத்தத்தில் திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் அளவு எவ்வளவு சிதறுகிறது என்பது) 18 என்று வையுங்கள். 2.3 புள்ளி வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க, ஒரு பக்கத்துக்கு 16 × 18 × 18 ÷ (2.3 × 2.3), அதாவது சுமார் 980 பேர் வேண்டும். பள்ளி பள்ளியாக எடுப்பதால் அதுவும் பெருகும். ஒரு பள்ளியில் 20 பெரியவர், ஐ.சி.சி. (ஒரே பள்ளியைச் சேர்ந்தவர்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதன் அளவு) 0.02 என்றால் பெருக்கும் எண் 1 + 19 × 0.02 = 1.38. ஆரம்ப பி.பி.யைப் பகுப்பாய்வுக் கணக்கில் சேர்த்து, முன் பின் அளவுகளின் தொடர்பு 0.6 என்று எடுத்தால் 0.64-ஆல் பெருக்கிக் குறைக்கலாம். எல்லாம் போக ஒரு பக்கத்துக்கு 865 பேர். உங்கள் காலத்துக்கும் காசுக்கும் எட்டாது.

உப்பையே விளைவாக வைத்தால் நிலைமை வேறு. வீட்டுக்கு வீடு ஆள்வீத உப்பின் விலக்கம் 4 கிராம், பிடிக்க விரும்பும் வித்தியாசம் 2 கிராம் என்றால் ஒரு பக்கத்துக்கு 64 வீடு. பள்ளிக்கு 10 வீடு, ஐ.சி.சி. 0.05 என்றால் 1.45 மடங்கு, 93 வீடு. இதை ஒரு நல்ல குழுவால் செய்துவிட முடியும்.

அடுத்தது, இதைவிடப் பெரிய ஓட்டை: ஒரு பள்ளிக்கு எதிராக ஒரு பள்ளி. அந்த ஊரில் அந்த மூன்று மாதத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தால், கருவாட்டுச் சந்தை கூடினால், தலைமையாசிரியர் மாறினால், அதன் விளைவையும் பாடத்தின் விளைவையும் எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது. 60 வீடுதான் முடியும் என்றால் 2 பள்ளி × 30 வீட்டை விட 12 பள்ளி × 5 வீடு எவ்வளவோ மேல். 0.05 ஐ.சி.சி.யில் 30 வீட்டுக் கொத்து உங்களுக்குத் தருவது ஏறத்தாழ 12 வீட்டின் தகவல். ஐந்து ஐந்தாக ஆறு பள்ளியில் எடுத்தால் அதே 30 வீடு 25 வீட்டின் தகவலைத் தரும். ஆரம்ப அளவையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டரை கிராம் அளவு வித்தியாசம் பிடிபடும். அது சாங்ஜியில் கிடைத்ததை ஒட்டிய அளவு. அதற்குக் கீழே குறைந்தால் பிடிபடாது என்பதையும் ஆய்வுத்திட்டத்திலேயே எழுதிவிடுங்கள், வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்.

இன்னொன்று. சாங்ஜியில் கிடைத்த 2.9 கிராமையே எதிர்பார்க்கவேண்டாம். அதே வழியில், செல்பேசிச் செயலி வைத்து 54 பள்ளியில் 12 மாதம் செய்த அடுத்த ஆய்வில் பெரியவர்களுக்குக் கிடைத்த வித்தியாசம் 0.82 கிராம்தான். ஆசிரியர் நேரில் நடத்துவதும், மூன்று மாதத்திலேயே அளந்துவிடுவதும் எண்ணை அழகாகக் காட்டும்.

---

பதில் 2: உப்புத்தராசு

மேலே சொன்னது சரி. உப்பை அளக்கும் வழிக்கு வருகிறேன். நம் வீடுகளில் உப்பின் பெரும்பங்கு சமையலில் நாமே போடுவது. மேலை நாடுகள் மாதிரி பாக்கெட் உணவில் ஒளிந்து வருவது இங்கே இரண்டாம் பட்சம். அதனால் டப்பாவை எடைபோடும் முறை நமக்கு நன்றாகவே ஒத்துவரும்.

தேவை: 1 கிராம் துல்லியம் காட்டும், 5 கிலோ தாங்கும் சமையல் தராசு. தினமும் காலையில் முத்திரை குத்திய 500 கிராம் எடைக்கல்லை வைத்துச் சரிபாருங்கள். 2 கிராமுக்கு மேல் விலகினால் பேட்டரியை மாற்றுங்கள். தராசைத் திண்ணையிலோ பாயிலோ வைக்காதீர்கள். ஒரு சதுரத் தரை ஓட்டுத் துண்டைக் கூடவே எடுத்துப் போனால் எல்லா வீட்டிலும் சமதளம் கிடைக்கும்.

முதல் நாள் வீட்டிலுள்ள *எல்லா* உப்பையும் எடைபோடவேண்டும். கல் உப்பு ஜாடி, தூள் உப்பு டப்பா, சாப்பாட்டு மேசைக் குப்பி, பிரித்துவைத்த பாக்கெட், பிரிக்காத பாக்கெட். ஜாடி மூடியையும் உள்ளே கிடக்கும் கரண்டியையும் எடுத்துவிட்டு எடை. ஏழு நாள் கழித்து, அதே நேரத்தில், மறுபடியும். இடையில் வாங்கிய பாக்கெட்டின் கவரை வைத்திருக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் உள்ளே வரவேண்டும், பண்டிகை நாள் வரக்கூடாது.

கோளாறு வருவது உண்ணாத உப்பில். மீன் கழுவ, கீரை அலச, தொண்டை கொப்பளிக்க, மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீரில் கலக்க, பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப் போட, ஊறுகாய் போட, வடகம் பிழிய. ஒரு கிலோ மாங்காய் ஊறுகாய் போட்ட வாரத்தில் அந்த வீட்டின் கணக்கு முழுக்கக் கெட்டுவிடும். இதற்கென்றே 200 கிராம் உப்பை வேறு கவரில் போட்டு, மேலே சிவப்புத் துணி கட்டி, "சாப்பாட்டுக்கு அல்லாதது எல்லாம் இதிலிருந்து" என்று சொல்லிவிடுங்கள். பெண்களுக்கு இது சட்டென்று புரியும். உப்பை நீங்கள் இலவசமாக நிரப்பித் தருவது வேண்டாம். இலவச உப்பு கை தாராளமாகப் போகும்.

அடுத்தது வகுக்கும் எண். "வீட்டில் ஐந்து பேர்" என்று எடுத்து ஐந்தால் வகுத்தால் தப்பு. சாப்பாட்டு வேளையை எண்ணுங்கள். ஐந்து பேர், மூன்று வேளை, ஏழு நாள்: 105. அப்பா ஆறு நாள் மதியம் வெளியே: 6 கழி. பையனுக்கு ஐந்து நாள் பள்ளிச் சத்துணவு: 5 கழி. விருந்தாளி நான்கு வேளை: 4 கூட்டு. மொத்தம் 98. தம்பி தங்கை தொடக்கப்பள்ளியில் இருந்தால் காலை உணவும் பள்ளியில்தான், அதையும் கழிக்க மறக்காதீர்கள். அந்த வாரம் 322 கிராம் செலவானால் 322 ÷ 98 × 3, நாளுக்கு ஒரு ஆளுக்கு 9.9 கிராம். பத்து வயதுக்குக் கீழே உள்ளவரை முக்கால் ஆள் என்று வைத்தால் போதும். முன்னளவிலும் பின்னளவிலும் ஒரே விதி இருக்கவேண்டும், அதுதான் முக்கியம்.

இந்த 9.9 விசித்திரமான எண் அல்ல. 24 மணி நேரச் சிறுநீர் வைத்து எடுத்த ஆய்வில் டெல்லி, ஹரியானா பக்கம் சராசரி 8.6 கிராம், ஆந்திரத்தில் 9.5 கிராம். 2017-18 தேசியக் கணக்கெடுப்பில் 8 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராமுக்குள்.

கல் உப்பு ஐப்பசி கார்த்திகையில் ஈரம் குடித்து எடை கூடும், சித்திரையில் காய்ந்து குறையும். ஒரே வாரத்துக்குள் இது பெரிய பிழை இல்லை. ஆனால் ஜாடியின் அடியில் நீர் கோத்திருந்தால் அதை வடித்துக் கொட்டும் பழக்கம் உண்டா என்று கேளுங்கள். கொட்டிய உப்புநீரும் "சாப்பிட்ட" கணக்கில் சேர்ந்துவிடும்.

டப்பா முறை பிடிக்காதவை: கடை ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர், பிஸ்கட், நூடுல்ஸ், ஓட்டல் சாப்பாடு. இவற்றுக்கு ஒரு பக்க வாரப் பட்டியல் போதும். எத்தனை முறை என்று மட்டும் கேளுங்கள், கிராம் கேட்டால் வாயில் வந்ததைச் சொல்வார்கள்.

சிறுநீரை முற்றிலும் விடவும் வேண்டாம். எல்லா வீட்டிலும் டப்பா, ஐந்தில் ஒரு வீட்டில் சமைப்பவருக்கு மட்டும் 24 மணி நேரச் சிறுநீர், முன்னும் பின்னும். டப்பா போக்கைக் காட்டும், சிறுநீர் அதை உறுதிசெய்யும். முறை: முதல் நாள் எழுந்ததும் போகும் சிறுநீரைக் கேனில் சேர்க்கக்கூடாது, நேரத்தை மட்டும் குறிக்கவேண்டும். அதன்பிறகு எல்லாமே கேனில். மறுநாள் அதே நேரம் எழுந்து போவதும் கேனில் சேர்ந்ததும் முடிந்தது. தவறுவது பெரும்பாலும் வயல் வேலைக்குப் போகும் இடத்திலும், மலம் கழிக்கும் நேரத்திலும். அகல வாய்க் குவளை ஒன்றும், கேனை மறைத்து எடுத்துப்போக இருட்டுத் துணிப்பையும் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மாதவிடாய் நாளில் எடுக்கவேண்டாம். 500 மி.லி.க்குக் கீழே இருந்தாலோ ஒரு முறைக்கு மேல் தவறியதாகச் சொன்னாலோ அந்தச் சேகரிப்பைத் தள்ளிவிடுங்கள். கேனை நன்றாகக் குலுக்கி, மொத்த அளவைப் பார்த்து, 10 மி.லி. மட்டும் ஆய்வகத்துக்கு. கிரியாட்டினினும் (தினமும் சிறுநீரில் வெளியேறும் ஒரு கழிவுப்பொருள்) கேளுங்கள். ஒரே ஆளின் இரண்டு சேகரிப்பிலும் அது ஏறத்தாழ ஒன்றாக இருக்கவேண்டும், இல்லையென்றால் ஏதோ ஒன்று குறைச் சேகரிப்பு.

கணக்கு: லிட்டருக்கு 110 மில்லிமோல் சோடியம், அளவு 1.5 லிட்டர் என்றால் 165 மில்லிமோல். 17.1-ஆல் (ஒரு கிராம் உப்பில் உள்ள மில்லிமோல் சோடியம்) வகுத்தால் 9.6 கிராம் உப்பு. தின்ற உப்பில் சுமார் 90 சதவீதம்தான் சிறுநீரில் வரும், வெயில் காலத்தில் வியர்வையில் இன்னும் கொஞ்சம் போகும். ஒரு தடவை பிடிக்கும் சிறுநீரை வைத்துச் சூத்திரத்தில் 24 மணி நேரத்தைக் கணிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஊர்ச் சராசரிக்கு அது ஓரளவு உதவும். அதிகம் உண்பவரைக் குறைத்தும் குறைவாக உண்பவரைக் கூட்டியும் காட்டுவதால், குறைந்ததா இல்லையா என்று பார்க்கும் ஆய்வுக்கு அது ஆகாது.

---

பொதுசுகாதாரம்_இரண்டாமாண்டு

ரொம்ப நன்றி. 12 பள்ளி என்று மாற்றிக்கொள்கிறேன். பி.பி.யை இரண்டாம் விளைவாகவாவது வைக்கலாமா? வீட்டுக்குப் போகிறோம், பார்க்காமல் வந்தால் அவர்களே கேட்பார்கள்.

---

பதில் 3: கைப்பட்டை

வையுங்கள். ஆனால் ஒழுங்காக எடுப்பதாக இருந்தால் மட்டும். மேல்கைக் கருவியாக, தரச்சோதனையில் தேறிய மாடலாகப் பாருங்கள். மணிக்கட்டுக் கருவி வேண்டாம். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கைச் சுற்றளவை டேப்பால் அளந்து, 22-லிருந்து 32 செ.மீ. வரை சாதாரணப் பட்டை, அதற்கு மேல் பெரிய பட்டை. பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பி.பி. வரும்.

வீட்டில் நடப்பது இதுதான்: அம்மா அடுப்பிலிருந்து எழுந்து வந்து, தரையில் சம்மணம் போட்டு, பேசிக்கொண்டே கையை நீட்டுவார். அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. முதுகு சாயும் நாற்காலி, பாதம் தரையில், கால் மேல் கால் கூடாது, கை மேசைமேல் இதய மட்டத்தில். கை 10 செ.மீ. தாழ்ந்தால் 7, 8 புள்ளி கூடும். நீங்கள் தேடும் 2 புள்ளியை அது மூன்று தடவை விழுங்கிவிடும். அரை மணி நேரத்துக்குள் டீ, காபி, புகையிலை, வெற்றிலைப் பாக்கு கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவேண்டும். மூன்று தடவை எடுத்து முதலாவதைத் தள்ளி, பிந்திய இரண்டின் சராசரி.

ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிடாதீர்கள். இறுக்கமான ரவிக்கை சுருட்டினால் கயிறு கட்டியது போலாகும். மெல்லிய துணி என்றால் அதன் மேலேயே பட்டையைக் கட்டுவது மேல். பெண் பணியாளர் இருந்தால் இந்தச் சிக்கலே பாதி குறையும்.

முன்னளவு தை மாதம், பின்னளவு சித்திரை என்று வைத்தால் பாடமே நடத்தாவிட்டாலும் பி.பி. இறங்கும், வெயிலில் அது இயல்பு. கண்ட்ரோல் பள்ளியிலும் அதே வாரத்தில், அதே வேளையில் எடுப்பதுதான் இதற்கு மருந்து. மாத்திரை சாப்பிடுபவரின் அட்டையை ஒவ்வொரு முறையும் பார்த்து மருந்துப் பெயரும் அளவும் எழுதுங்கள். இடையில் டோஸ் கூட்டியிருந்தால் அவரைத் தனியாகவும் பகுத்துப் பார்க்கவேண்டும்.

180/110 அல்லது அதற்கு மேல் வந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையம். நெஞ்சுவலி, ஒரு பக்கம் மரத்துப்போதல், பேச்சுக் குழறல் இருந்தால் 108. 140/90-க்கு மேல் என்றால் வேறொரு நாள் மறுபடி பார்த்து உறுதிசெய்யவேண்டும், ஒரே நாள் அளவை வைத்து "உங்களுக்கு பி.பி. இருக்கு" என்று சொல்லக்கூடாது. ஊரின் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலரிடம் முன்கூட்டியே பேசிவைத்தால் பெயர்ப்பட்டியலைக் கொடுத்துவிடலாம். நெறிமுறைக் குழு விண்ணப்பத்தில் இந்தப் பத்தி இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் தனித்தாளில் வேண்டும். முதல் குடும்பத்தைச் சேர்ப்பதற்கு *முன்பே* சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவும் முடிந்திருக்கவேண்டும். 2018 ஏப்ரலுக்குப் பிறகு பின்தேதிப் பதிவு கிடையாது.

---

பதில் 4: அடுப்படிக்கணக்கு

பாடத்துக்கு வருவோம். "உப்பு கெடுதல், குறைத்துச் சாப்பிடுங்கள்" என்று படம் வரைந்து ஒட்டுவதால் எதுவும் நடக்காது. கெடுதல் என்று எல்லோருக்கும் தெரியும். தன் வீட்டில் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே முதல் வகுப்பே கணக்கு வகுப்பாக இருக்கட்டும். ஒரு கிலோ உப்பு உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? ஐந்து பேர் வீட்டில் 20 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம். 40 நாள் வந்தால் 5 கிராம். பாக்கெட் பிரித்த தேதியைப் பிள்ளை பேனாவால் கவரிலேயே எழுதட்டும். இந்த ஒரு வேலை போஸ்டர் பத்துக்குச் சமம்.

குறைப்பது படியாக. ஒரேயடியாகப் பாதி ஆக்கினால் இரண்டாம் நாளே சாப்பாட்டுத் தட்டில் உப்புக் குப்பி வந்து நிற்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்து சதவீதம். வாரம் 322 கிராம் போடும் வீடு 290, பிறகு 260, பிறகு 235. ஆறு வாரத்தில் கால்வாசிக்கு மேல் குறைந்துவிடும், நாக்கும் பழகிவிடும். ஞாயிறு காலை அந்த வாரத்து உப்பைத் தனி டப்பாவில் அளந்து வைப்பது பிள்ளையின் வேலை, சமைப்பவர் அதிலிருந்து மட்டும் எடுப்பார். டப்பா சனிக்கிழமைக்கு முன்பே தீர்ந்தால் கடைப் பாக்கெட்டிலிருந்து நிரப்புவார்கள், இது நடக்கும். திட்டாதீர்கள், அந்தப் பாக்கெட்டையும் எடைபோடுங்கள்.

எங்கே குறைப்பது என்பதைச் சமைக்கும் பெண்களிடமே கேட்டு எழுதினால் பாடம் உயிரோடு இருக்கும். சோறு வடிக்கும் உலைநீரில் போடும் உப்பு முதலில் போகலாம், குழம்பு ஊற்றியபின் யாருக்கும் தெரியாது. கீரையை வேகவைக்கும் முன்பே உப்புப் போட்டால் கை குவியலைப் பார்த்துப் போடும். கீரையோ வெந்து ஒரு பிடியாகிவிடும். சுருண்ட பிறகு போட்டால் தானாகவே பாதி போதும். குழம்பும் அப்படித்தான், கொதித்துச் சுண்டும்போது உப்பு ஏறும், ஆகவே இறக்கும் நேரத்தில்தான் ருசி பார்த்துச் சேர்க்கவேண்டும். மோர், கொய்யா, மாங்காய், வெள்ளரி இவற்றின் மேல் தூவும் உப்பு பிள்ளைகளின் கையில் இருப்பது, அதை அவர்களே நிறுத்தலாம். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பச்சை மாங்காய் கொஞ்சம் கூட்டினால் குறை தெரியாது. கருவாட்டைத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துப் பிறகு சமைக்கலாம். அப்போதும் மிச்சம் உப்பு அதில் இருக்கும், எனவே அந்தக் குழம்புக்குத் தனி உப்பு வேண்டாம். இட்லி மாவில் குறைத்தால் கோடையில் சீக்கிரம் புளிக்கும், இதை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். சொல்லாவிட்டால் "உங்க பாடத்தால மாவு கெட்டுப்போச்சு" என்று வரும்.

ஒரு வகுப்பு லேபிளுக்கு. சோடியம் மில்லிகிராமை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு மில்லிகிராம். 100 கிராமுக்கு 800 மி.கி. சோடியம் என்று அச்சிட்ட 70 கிராம் பாக்கெட்டில் 560 மி.கி. சோடியம், அதாவது 1.4 கிராம் உப்பு. பிள்ளைகளே காலிக் கவர் கொண்டுவரட்டும்.

திட்டம் தோற்கும் இடம் இரண்டு. பிள்ளையைப் போலீஸ் வேலைக்கு அனுப்புவது ஒன்று. "அம்மா, நீ உப்பு அதிகம் போடுற" என்று மற்றவர் முன்னால் சொன்ன நாளோடு ஒத்துழைப்பு போச்சு. வாக்கியத்தையே வகுப்பில் பழக்குங்கள்: "அம்மா, இந்த வார டப்பாவை நான் அளக்கட்டுமா?" இரண்டாவது, சாப்பாட்டில் உட்கார்ந்து "உப்பு பத்தல" என்று சொல்லும் ஆண். சமைப்பவர் மட்டும் மாறினால் போதாது. ஒரு பெற்றோர் கூட்டமாவது அப்பாக்கள், தாத்தாக்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள்.

கட்டாயம் வரும் கேள்வி: "வெயில்ல வேலை பாக்குறவனுக்கு உப்பு வேண்டாமா?" வெயிலுக்குப் பழகிய உடம்பின் வியர்வையில் உப்பு குறைவாகத்தான் போகும். 10 கிராமிலிருந்து 7-க்கு வருவதால் யாருக்கும் பற்றாக்குறை வராது. ஆனால் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் முதியவர்களையும், குறைந்த உப்பு கூடாது என்று மருத்துவர் சொன்னவர்களையும் விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லவேண்டியது ஒன்று: வயிற்றுப்போக்குக்குத் தரும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் உப்பைக் குறைக்கக்கூடாது. பாக்கெட் முழுவதையும் அதில் சொன்ன தண்ணீரில் கரைக்கவேண்டும். 20.5 கிராம் பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்.

---

பதில் 5: கொத்துக்கணக்கு

குறைந்த சோடியம் உப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆய்வு வடிவமைப்புப்படி பார்த்தால் கொடுக்கவே கூடாது. பாடத்தால் குறைந்ததா, பாக்கெட்டால் குறைந்ததா என்று பிரிக்க முடியாது. டப்பா எடையும் அர்த்தமிழந்துவிடும்.

---

பதில் 6: உப்புத்தராசு

ஆய்வுக்கு வேண்டாம் என்பதில் சேர்கிறேன். ஆனால் அந்த உப்பையே தள்ளிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சான்று கனமானது. சீனக் கிராமங்கள் 600, ஆட்கள் 20,995. முக்கால் பங்கு சாதா உப்பு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு. ஐந்து ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகத் தொடர்ந்தார்கள். 2021-ல் வந்த முடிவில் பக்கவாதம் 14 சதவீதம், மரணம் 12 சதவீதம் குறைவு. தெலங்கானாவின் சித்திப்பேட்டைக் கிராமங்களிலும் பி.பி. உள்ள 502 பேரிடம் 30 சதவீதப் பொட்டாசியம் கலந்த உப்பை மூன்று மாதம் கொடுத்ததில் மேல் அழுத்தம் 4.6 புள்ளி இறங்கியது. பாடம் நடத்திக் கிடைப்பதைவிட இது இரண்டு மடங்கு. நம் மாநிலத்திலேயே தமிழ்நாடு உப்புக் கழகம் 2014-ல் குறைந்த சோடியம் உப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

---

பதில் 7: கைப்பட்டை

எண்கள் சரி. ஆனால் அந்தச் சீன ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள்: பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைத் தாண்டிய பி.பி.காரர்கள். தீவிரச் சிறுநீரக நோய் உள்ளவர்களையும், பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும் மருந்து சாப்பிடுபவர்களையும் வீட்டோடு விலக்கிவிட்டுத்தான் கொடுத்தார்கள். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தபோதும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதில் அடங்கமாட்டார்கள் என்றே எழுதியது. நம் வீட்டில் ஒரே குழம்புதான், ஆளுக்கொரு பானை இல்லை. பாட்டிக்கு ஸ்பைரனோலாக்டோன் (பொட்டாசியத்தைத் தேக்கும் மாத்திரை) ஓடுகிறதா, சர்க்கரை நோயில் சிறுநீரகம் தளர்ந்து தாத்தாவின் இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பையில் அந்தப் பாக்கெட்டைப் போட்டு அனுப்புவது சரியில்லை. எனாலப்ரில், டெல்மிசார்ட்டான் போன்ற மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை, அவை சாப்பிடுபவர் மருத்துவரைக் கேட்டுத்தான் மாறவேண்டும்.

கடையில் "லோ சோடியம்" என்று வருவதில் சிலவற்றில் 15 சதவீதம்தான் குறைவு. அதைக் கூடுதலாக ஒரு சிட்டிகை போட்டால் தீர்ந்தது லாபம். இந்துப்பு பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். அதுவும் கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைடுதான். நிறம் வேறு, அயோடின் சேர்த்திருக்காது, விலை மட்டும் கூடுதல்.

---

பொதுசுகாதாரம்_இரண்டாமாண்டு

சரி, பாக்கெட் இல்லை. அயோடின் என்றதும் ஒன்று. உப்பைக் குறைக்கச் சொல்லும்போது அயோடின் குறைந்துவிடாதா? இங்கே நிறைய வீட்டில் கல் உப்புதான்.

---

பதில் 8: அடுப்படிக்கணக்கு

நியாயமான கவலை. பெரியவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும். பத்து லட்சத்தில் 30 பங்கு அயோடின் உள்ள உப்பு 5 கிராம் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். 15 பங்குதான் இருந்தால் பாதி, மீதி பால், முட்டை, மீனிலிருந்து வரவேண்டும். ஆக, அளவைக் குறைக்கும் வீட்டில் இருக்கும் உப்பு அயோடின் சேர்த்ததாகவே இருக்கவேண்டும். இதைப் பாடத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். கல் உப்பே வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை, அயோடின் சேர்த்த கல் உப்பும் கிடைக்கிறது. பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பிள்ளைகள் பார்க்கலாம். சாக்கில் அளந்து விற்பதில் அது இருக்காது.

முதல் எடைபோடும் நாளிலேயே ஒவ்வொரு உப்பிலும் ஒரு தேக்கரண்டி எடுத்துச் சோதனைக் கரைசலை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நீலமாகவோ ஊதாவாகவோ மாறினால் அயோடின் உண்டு. மாறாவிட்டால் உடனே "இல்லை" என்று எழுதாதீர்கள். உப்பில் காரத்தன்மை இருந்தாலும் நிறம் வராது. அதற்கென்று கிட்டில் தனிக் குப்பி இருக்கும், புதுக் கரண்டி உப்பில் முதலில் அதை விட்டு, பிறகு சோதனைச் சொட்டை விடவேண்டும். கல் உப்பை நுணுக்கித்தான் சோதிக்கவேண்டும், மேற்பரப்பில் மட்டும் தெளித்திருப்பார்கள். கழுவிப் பயன்படுத்தும் வீடு என்றால் கழுவிய உப்பையும் தனியாகச் சோதியுங்கள். நிறத்தின் அடர்த்தியை வைத்து 15-ஆ 30-ஆ என்று எழுதவேண்டாம், கிட் சொல்வது உண்டு, இல்லை என்ற இரண்டுதான். எண் வேண்டுமானால் 50 கிராம் மாதிரியைக் காற்றுப் புகாத கவரில் போட்டு, வெயில் படாமல், டைட்ரேஷன் (அயோடின் அளவை எண்ணாகக் காட்டும் வேதிச்சோதனை) செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். அந்த 50 கிராமை வீட்டின் உப்புக் கணக்கில் கழிக்க மறந்துவிடாதீர்கள்.